முப்பது சென்டிமீட்டர்

மாமனாரின் பெட்டி என்னிடம் வந்து சேர்ந்ததற்கு
ஒரே காரணம், வீட்டில் ஸ்கேனர் இருந்தது.
மற்றபடி அவருக்கும் எனக்கும் பெரிய ஒட்டுறவில்லை.
பத்தொன்பது வருடத்தில் மூன்று முறை கைகுலுக்கியிருக்கிறோம்.
அதில் ஒன்று
அவர் ஆள் மாறிக் குலுக்கியது.

கிதினியா துறைமுகத்தில்
காப்பீட்டுக் கழகத்துக்காகக் கப்பல்களின் காயங்களைப்
படமெடுப்பது அவர் உத்தியோகம்.
நசுங்கிய விலா, பிய்ந்த கயிற்றுமுளை,
உப்பு குடித்த சிமென்ட் மூட்டை,
ஒரு டிசம்பரில் நானூறு பெட்டி அழுகிய கியூபா ஆரஞ்சு.
மனித முகம் ஒன்றுகூட இல்லை.
முகத்துக்கு யார் நஷ்டஈடு கேட்கிறார்கள்?

ஜனவரி. ஹீட்டர் ஓடி ஓடி அறைக்காற்று வறண்டு
ஃபிலிமில் தூசி வந்து வந்து ஒட்டுகிறது.
குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு
ஆவி அடங்கியபின்
துணிதுவைக்கும் எந்திரத்தின் மேல் ஸ்கேனரை வைத்தேன்.
ஹல்ஷ்கா கதவைத் தட்டுகிறாள்:
"அப்பாவோடு குளித்து முடித்தாயா?"

ஆறு ஆறு படமாக நறுக்கிய துண்டுகள்.
சுருண்ட ஓரம் படிய
ஓர் இரவு டெலிபோன் டைரக்டரிக்கு அடியில் கிடக்கும்.
மங்கிய பக்கம் கீழே, பளபளப்பு மேலே.
துண்டுக்குப் பதினொரு நிமிடம்.
விளக்கு ஊர்ந்து போகும் சத்தம்
யாரோ ஒரு மேசை இழுப்பறையை
மூடி முடிக்காமலே இருப்பதுபோல.

நெகட்டிவில் பால்டிக் வானம் தார்.
தார் பூசிய அடிவயிறு பால்.
பாதி உறைகளில் பசை காய்ந்து சீட்டு உதிர்ந்துவிட்டது.
பெட்டியின் அடியில் கிடந்தன தேதிகள்,
எந்தக் கப்பலுக்கும் சொந்தமில்லாமல்.
கொடியை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். பனியை வைத்து.
நிழலின் நீளத்தை வைத்துக்கூட.
ஹல்ஷ்கா சொன்னாள்: அவரே இப்படித் தேடியிருக்கமாட்டார்.

காயம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் அளவுகோல்.
முப்பது சென்டிமீட்டர், ஐந்தாம் எண்ணருகே ஒரு கீறல்.
அதைப் பிடித்திருக்கும் ஒரு கை
இடது ஓரத்திலிருந்து நுழைந்து
மணிக்கட்டோடு நின்றுவிடும்.
எப்போதும் அதே கை.

ஒன்பதாம் இரவோ பத்தோ,
பெருவிரல் நகத்தின் வேரில் வெள்ளையாய் ஒரு பொட்டு.
தூசி என்று ஊதினேன். பிரஷ்ஷால் தடவினேன்.
அசையவில்லை.
நிறத்தைப் புரட்டினேன், வெள்ளை கறுத்தது.
ரத்தம் கட்டிய நகம்.
கதவோ, சங்கிலியோ, அவசரமோ.

அடுத்த துண்டில் பொட்டு கொஞ்சம் மேலே.
வேறொரு கப்பலில் பாதி நகத்தில்.
ஆரஞ்சுப் பெட்டிகளருகே, வெட்டப்போகும் நுனியில்.
ஆரஞ்சுக்குத் தேதி இருந்தது.
நகம் முழுதாய் வளர ஆறு மாதம் என்றால்
வேர் ஜூன். பாதி, செப்டம்பர்.
ஈரத் தரையில் முட்டிபோட்டுப்
பதினொரு துண்டுகளை வரிசையாக அடுக்கினேன்.
ஏழு கப்பல்கள், ஒரு நகத்தின் மேல் ஏறி,
தத்தம் நாளில் போய் நின்றன.

"உன் அம்மாவா?"
"அம்மா கடற்பக்கமே போகமாட்டாள்."
"மாமா யாராவது?"
"எங்கள் வீட்டில் யாருக்கும்
இவ்வளவு நேரம் எதையும் ஆடாமல் பிடிக்கத் தெரியாது."

செலவு நோட்டில் ஃபிலிம், பஸ், பேட்டரி,
பிறகு மாதாமாதம்: ப., நாற்பது ஸ்லாட்டி.
பாவெலாக இருக்கலாம். பியோத்தர். பெலாகியா.
பெயரே இல்லாத பொமொட்ஸ்னிக்காகவும் இருக்கலாம்,
எங்கள் மொழியில் உதவியாள் என்று அர்த்தம்.

கடைசி உறையில் ஒரே ஒரு படம்,
ஆறிலிருந்து தனியே வெட்டியது.
அளவுகோல் நழுவியிருக்கிறது.
உள்ளங்கை கேமராவைப் பார்த்து விரிந்து,
விரல்கள் மங்கலாய். பின்னால் கப்பல் இல்லை,
வெறும் சுவர்.
மாமனார் எழுத்தில் தேதி உண்டு, மணியும் உண்டு.
சேத மதிப்பு என்று அச்சடித்த இடத்தில்
ஒரு சின்னக் கோடு.